‘மின்னொழுக்கு’ என்று முடிந்துவிடும் விசாரணைகள்

கொழும்பு புறக்கோட்டையிலோ கண்டி நகரிலோ யாழ்ப்பாணம் கஸ்தூரியார் வீதியிலோ வர்த்தக நிலையமொன்று தீக்கிரையானால், மறுநாள் வெளியாகும் செய்தியின் இறுதி வாக்கியம் எவ்வாறு அமையும் என்பதை வாசகர்கள் முன்கூட்டியே சொல்லிவிடுவர். மின்னொழுக்கே காரணமெனச் சந்தேகிக்கப்படுவதாகவும் பொலிஸார் மேலதிக விசாரணைகளை மேற்கொண்டு வருவதாகவும் அது முடிவடையும். அந்த மேலதிக விசாரணைகளில் என்ன கண்டறியப்பட்டது என்று பின்னர் எவரும் கேட்பதில்லை. மின்னொழுக்கு என்ற சொல், இடி விழுந்தது, வெள்ளம் வந்தது என்பவற்றைப் போன்று மனிதனின் கட்டுப்பாட்டுக்கு அப்பாற்பட்ட ஒரு நிகழ்வாகவே எமது வழக்கில் நிலைபெற்றுவிட்டது.

உண்மை அதுவன்று. வர்த்தகக் கட்டடங்களில் மின்சாரத்தினால் மூளும் தீயில் பெரும்பகுதி, மாதக்கணக்கிலும் ஆண்டுக்கணக்கிலும் மெதுவாக வளர்ந்து வந்த கோளாறின் கடைசிக் கட்டமாகும். அந்தக் கோளாறுகள் அளவிடக்கூடியவை. அவற்றை அளப்பதற்குரிய கருவிகள் புதியனவுமல்ல, இந்நாட்டில் கிடைக்காதனவுமல்ல. இல்லாதது, அவற்றைக் குறித்த காலத்துக்கொருமுறை அளந்தேயாக வேண்டும் என்ற நடைமுறை மாத்திரமே.

மின்னொழுக்கு என்று பொதுவாகக் குறிப்பிடப்படுவது ஒரே கோளாறு அல்ல. மேலுறை பழுதடைந்த இரு கம்பிகள் ஒன்றோடொன்று தொடுவது ஒன்று. மின்சாரம் ஈரமான சுவர் ஊடாகவோ உபகரணத்தின் உலோக உடல் ஊடாகவோ நிலத்துக்குக் கசிவது மற்றொன்று. ஆனால், கடைகளில் தீ மூட்டுவதில் இவ்விரண்டுக்கும் சளைக்காத மூன்றாவது கோளாறொன்று உண்டு. அது சரியாக முறுக்கப்படாத, அல்லது காலப்போக்கில் தளர்ந்துபோன ஓர் இணைப்பு முனை. அதனை மின்னொழுக்கு என்று அழைப்பதே பொருந்தாது. அங்கே மின்சாரம் எங்கும் ஒழுகுவதில்லை. செல்ல வேண்டிய வழியிலேதான் செல்கின்றது.

இதனைச் சற்று விரிவாக நோக்குவது அவசியம். இரண்டு மூன்று குளிரூட்டிகள் இயங்கும் கடையொன்றின் மின்கம்பியில் 20 அம்பியர் மின்னோட்டம் செல்வதாகக் கொள்வோம். பிரதான பெட்டியிலுள்ள திருகாணியொன்று தளர்ந்து, அவ்விடத்தில் ஓர் ஓமின் பத்தில் ஒரு பங்கு தடை உருவாகின்றது. இதனால் இழக்கப்படுவது 2 வோல்ற்று மாத்திரமே. மின்விளக்குகளின் ஒளி குறைவதில்லை, குளிரூட்டி நிற்பதில்லை, மின்பட்டியலிலும் எவருக்கும் எதுவும் தெரிவதில்லை. ஆயினும் அந்தத் திருகாணியின் முனையில் 40 வாற்று வெப்பம் இடைவிடாது பிறந்துகொண்டிருக்கின்றது. வானொலி திருத்துபவர் ஈயத்தை உருக்கப் பயன்படுத்தும் சூட்டுக்கோலின் வலு ஏறக்குறைய அவ்வளவுதான். ஒரு சூட்டுக்கோலைச் செருகி, பிளாஸ்ரிக் பெட்டியொன்றினுள் வைத்து மூடி, அதன்மீது துணிப் பொதிகளை அடுக்கிவைத்துவிட்டுக் கடையைப் பூட்டிச் செல்வதற்கு ஒப்பானது இது.

மிகையான மின்னோட்டத்தைத் துண்டிக்கும் சுற்றுடைப்பான் இதனை அறியாது. ஏனெனில் மின்னோட்டம் மிகையாகவில்லை. ட்ரிப் சுவிட்சும் அறியாது. ஏனெனில் மின்சாரம் நிலத்துக்குக் கசியவில்லை. வெப்பம் தடையைக் கூட்ட, கூடிய தடை மேலும் வெப்பத்தைக் கூட்ட, சாதாரண பி.வி.சி. உறை தாங்கக்கூடிய 70 பாகை செல்சியஸைக் கடந்து, உறை கருகி, ஒருநாள் இரவு தீ பற்றுகின்றது. ‘எல்லாப் பாதுகாப்பு சுவிட்சுகளும் பொருத்தியிருந்தோமே’ என்று உரிமையாளர் கூறுவது பல சந்தர்ப்பங்களில் உண்மையாகவே இருக்கும். இந்தக் கோளாற்றைக் கண்டுபிடிப்பதற்கு இரண்டே வழிகள் உள்ளன. ஒன்று, மின்னைத் துண்டித்துவிட்டு ஒவ்வொரு திருகாணியையும் தகுதிவாய்ந்த ஒருவர் சோதித்து இறுக்குவது. மற்றது, கடை முழு அளவில் இயங்கும் வேளையில் வெப்பப் படக் கமராவினால் பிரதான பெட்டியைப் பார்ப்பது. சூடேறிய முனை அதில் வெண்புள்ளியாகத் தெரியும். இரண்டுமே ஒரு முற்பகலில் செய்து முடிக்கக்கூடிய வேலைகள்.

ஏனைய கோளாறுகளுக்கும் இதுபோன்றே திட்டவட்டமான சோதனைகள் உள்ளன. கம்பிகளின் மேலுறை நன்னிலையில் உள்ளதா என்பதை அறிய, உபகரணங்களைக் கழற்றிவிட்டு 500 வோல்ற்று நேரோட்ட மின்னழுத்தத்தைச் செலுத்தி அளப்பர். மின்னியலாளர் ‘மெகர்’ என அழைக்கும் கருவி இதற்கானது. எமது பொறியியலாளர்கள் நீண்டகாலமாகப் பின்பற்றிவரும் பிரித்தானிய வயரிங் விதிகளின்படி, அளவீடு 1 மெகா ஓமுக்குக் குறையலாகாது. புதிய கம்பிகளில் இது நூற்றுக்கணக்கில் இருக்கும். ஐந்து வருடங்களுக்கு முன் 200 ஆக இருந்தது இன்று 5 ஆகக் குறைந்திருப்பின், விதியின்படி அது இன்னமும் தேர்ச்சிதான். ஆயினும் சுவருக்குள் ஏதோ நிகழ்ந்துகொண்டிருக்கின்றது என்பதை அனுபவமுள்ளவர் அந்த இரண்டு இலக்கங்களிலிருந்தே ஊகித்துவிடுவார். சோதனை ஒருமுறை மாத்திரமன்றி மீண்டும் மீண்டும் செய்யப்படல் வேண்டும் என்பதற்கும், பழைய அறிக்கைகள் பேணப்படல் வேண்டும் என்பதற்கும் இதைவிட வேறு காரணம் தேவையில்லை.

நிலத்தொடுப்பு குறித்து எம்மிடையே நிலவும் அறியாமை வியப்பளிப்பதாகும். மண்ணில் ஒரு செப்புக் கம்பியை இறக்கிவிட்டால் போதும் என்றே பலர் கருதுகின்றனர். அக்கம்பிக்கும் மண்ணுக்கும் இடையிலான தடை 100 ஓம் என வைத்துக்கொண்டால், 230 வோல்ற்று மின்சாரம் குளிர்சாதனப் பெட்டியின் உடலைத் தொட்டாலும் நிலத்துக்குச் செல்லும் மின்னோட்டம் 2.3 அம்பியர் மாத்திரமே. 16 அம்பியர் சுற்றுடைப்பான் அதனைக் கண்டுகொள்ளாது. வரண்ட காலத்தில் மண் காய்ந்து இறுகும்போது இத்தடை மேலும் உயரும். எனவேதான் 30 மில்லி அம்பியர் கசிவிலேயே இயங்கும் ட்ரிப் சுவிட்ச் உயிர்காக்கும் கருவியாகின்றது. அக்கசிவு ஏற்பட்டு 300 மில்லி செக்கன்களுக்குள் அது மின்னைத் துண்டிக்கின்றதா என்பதைக் கருவி கொண்டு அளத்தல் வேண்டும். அதன்மீதுள்ள சோதனைப் பொத்தானை அவ்வப்போது அழுத்திப் பார்ப்பது நல்ல பழக்கமே. ஆனால் அது சுவிட்சின் உள் இயக்கத்தை மட்டுமே உறுதிப்படுத்தும். நிலத்தொடுப்பு அறுந்து கிடந்தாலும் பொத்தான் வேலை செய்யும்.

இங்கு ஒன்றைச் சொல்லாமலிருக்க முடியாது. ட்ரிப் சுவிட்ச் அடிக்கடி விழுந்து வியாபாரம் தடைப்படுகின்றதென்று, அதனைத் தவிர்த்து நேரடியாக இணைப்புக் கொடுத்துவிடுமாறு கேட்கும் முதலாளிகளும், அவ்வாறே செய்து கொடுக்கும் மின்வேலையாட்களும் எமது நகரங்களில் அரிதானவர்கள் அல்லர். நாய் குரைக்கின்றதென்று நாயின் வாயைக் கட்டிவிட்டு உறங்கச் செல்வதைப் போன்றது இது.

இனி, எமது நாட்டின் நடைமுறையைப் பார்ப்போம். புதிய கட்டடமொன்றுக்கு மின்னிணைப்புப் பெறும்போது, அதன் வயரிங் சோதிக்கப்பட்டமைக்கான அறிக்கை தகுதிவாய்ந்த ஒருவரின் கையொப்பத்துடன் சமர்ப்பிக்கப்படல் வேண்டும். மின்மானி வரையிலான பொறுப்பு மின் விநியோகம் செய்யும் தரப்பினுடையது. மின்மானிக்கு அப்பால் உள்ளவை யாவும் உரிமையாளரின் பொறுப்பு. கட்டடத்தின் வாழ்நாளில் பெரும்பாலும் அந்த முதல் சோதனையே கடைசிச் சோதனையுமாகின்றது. 1942 ஆம் ஆண்டின் 45 ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டத்தின் கீழ் தொழிற்சாலைகளுக்கென ஒரு பரிசோதனை ஏற்பாடாவது உண்டு. துணிக்கடைக்கும், பாதணிக் களஞ்சியத்துக்கும், ஐந்து மாடிக் கடைத்தொகுதிக்கும் அதனை ஒத்த கண்காணிப்பு இல்லை. கொழும்பில் மாநகர தீயணைப்புச் சேவையின் அங்கீகாரம் பெரிய கட்டடங்களுக்கு அவசியமாயினும், பல தசாப்தங்களுக்கு முன் எழுந்த பழைய கட்டடங்கள் நிறைந்த குறுக்குத் தெருக்களின் கதை வேறு.

இதற்கிடையில் கட்டடங்கள் மாறிவிட்டன. நான்கு மின்விளக்குகளுக்கும் இரண்டு மின்விசிறிகளுக்குமாக வயரிங் செய்யப்பட்ட கடை, இன்று குளிரூட்டி, கணினி, பாதுகாப்புக் கமரா, மின்னேற்றிகள், விளம்பரப் பலகை ஆகிய அனைத்தையும் அதே கம்பியில் சுமக்கின்றது. ஒரு கடை நடுவே பலகைத் தடுப்பு வைத்து மூன்றாகப் பிரிக்கப்பட்டு மூவருக்கு வாடகைக்கு விடப்படுகின்றது. மின்மானி மட்டும் ஒன்றாகவே இருக்கும். வடக்கிலோ நிலைமை தனித்துவமானது. போர்க்காலத்தில் நீண்டகாலம் தேசிய மின்கட்டமைப்பிலிருந்து துண்டிக்கப்பட்டிருந்த குடாநாட்டில், கிடைத்த கம்பியைக் கொண்டு கிடைத்தவாறு செய்யப்பட்ட வயரிங் எத்தனையோ பழைய கட்டடங்களின் சுவர்களுக்குள் இன்றும் இருக்கக்கூடும். 2009 இன் பின்னர் அக்கட்டடங்களின் முகப்புக்குக் கண்ணாடி பொருத்தப்பட்டது. உள்ளிருக்கும் கம்பிகளை எவரும் தொடவில்லை.

2022 ஆம் ஆண்டின் மின்வெட்டு இதற்கு மேலும் ஓர் அடுக்கைச் சேர்த்தது. அவ்வாண்டு மார்ச் மாத இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் தடைப்பட்டபோது, கிடைத்த மின்பிறப்பாக்கியைக் கொண்டுவந்து கடை வாசலில் வைத்து ஒரு கம்பியை இழுத்து இணைத்தவர்கள் பலர். சரியான மாற்றுச் சுவிட்ச் இன்றி இணைக்கப்படும் மின்பிறப்பாக்கி, வீதியில் திருத்த வேலை செய்யும் மின்சார ஊழியரின் உயிருக்கு உலை வைக்கும். அதன் நடுநிலைக் கம்பி நிலத்துடன் தொடுக்கப்படாவிடின், கடையிலுள்ள ட்ரிப் சுவிட்ச் அந்நேரம் வெறும் அலங்காரப் பொருளாகவே இருக்கும். மின்வெட்டு ஓய்ந்தது. தற்காலிகமாக இழுக்கப்பட்ட கம்பிகள் பல அவ்வாறே எஞ்சியிருக்கின்றன.

மின் பரிசோதனையையும் தீப் பாதுகாப்புப் பரிசோதனையையும் வெவ்வேறாகக் கருதுவதும் எமது பிழைகளில் ஒன்று. தீ மூள்வது மின்கோளாற்றினால் எனினும், மனிதர்கள் மாள்வது பெரும்பாலும் புகையினாலும் பூட்டிய கதவினாலுமே. புதுடில்லியின் உபகார் திரையரங்கில் 1997 ஜூன் 13 ஆம் திகதி நிகழ்ந்தது இதற்குத் தக்க உதாரணம். அத்திரையரங்கின் கீழ்த்தளத்தில் அமைந்திருந்த மின்மாற்றியில் அன்று காலை ஏழு மணிக்குச் சற்று முன்னர் ஒரு சிறு தீ ஏற்பட்டது. அது அணைக்கப்பட்டு, இணைப்பு அவசர அவசரமாகத் திருத்தப்பட்டது. மாலை ஐந்து மணியளவில் அதே தளர்ந்த இணைப்பு பொறிகக்கி, விலகிய கம்பி மின்மாற்றியின் உடலில் துளையிட, வெளியேறிய எண்ணெய் தீப்பற்றியது. மேலே படம் நிறுத்தப்படவில்லை, அறிவித்தலும் இல்லை. மாடிப்படி வழியே புகைபோக்கியினூடாக ஏறுவதுபோல் ஏறிய புகை பல்கனியை நிறைத்தது. அங்கு மேலதிக ஆசனங்களுக்காக வெளியேறும் வழிகள் அடைக்கப்பட்டிருந்தன. 59 பேர் மாண்டனர். அவர்களிற் பெரும்பாலானோரைத் தீ நெருங்கவேயில்லை.

அத்திரையரங்கு பரிசோதனைக்கு உட்படாத ஒன்றல்ல என்பதே இங்கு கவனத்துக்குரியது. 1983 ஆம் ஆண்டிலேயே பல குறைபாடுகளுக்காக அதன் உரிமம் இடைநிறுத்தப்பட்டது. நீதிமன்றத்தில் இடைக்காலத் தடை பெறப்பட்டு, தற்காலிக அனுமதிகளின் பேரில் 14 வருடங்கள் அது இயங்கியது.

பரிசோதனைச் சான்றிதழ் என்ற தாள் மாத்திரம் எவரையும் காப்பாற்றாது என்பதற்குக் கராச்சி இன்னும் கொடிய சாட்சி. 2012 செப்டெம்பர் 11 ஆம் திகதி அங்குள்ள அலி என்டர்பிரைஸஸ் ஆடைத் தொழிற்சாலை எரிந்து 250 இற்கும் மேற்பட்ட தொழிலாளர் உயிரிழந்தனர். அதற்குச் சில வாரங்களுக்கு முன்னர்தான், பாதுகாப்பும் அடங்கிய சர்வதேசத் தரச் சான்றிதழ் ஒன்று அத்தொழிற்சாலைக்கு வழங்கப்பட்டிருந்தது. ஆரம்பத்தில் அங்கும் மின்கோளாறு என்றே கூறப்பட்டது. பின்னர் அது கப்பம் கோரி மூட்டப்பட்ட தீ என நீதிமன்றம் 2020 இல் தீர்ப்பளித்தது. தீயை யார் மூட்டியிருப்பினும், யன்னல்களில் இரும்புக் கம்பிகளும் பூட்டிய கதவுகளும் இருந்த கட்டடத்துக்கு ஒருவர் தேர்ச்சிச் சான்று எழுதிக் கொடுத்திருந்தார் என்பது மாறப்போவதில்லை.

பங்களாதேஷ் இதிலிருந்து பாடம் கற்றது. ஆனால் கொடுத்த விலை பெரிது. 2013 ஏப்ரலில் ரானா பிளாசா இடிந்து 1,100 இற்கும் மேற்பட்டோர் மாண்ட பின்னரே, சர்வதேச ஆடை நிறுவனங்களும் தொழிற்சங்கங்களும் சட்டரீதியாகக் கட்டுப்படுத்தும் உடன்படிக்கை ஒன்றுக்கு வந்தன. சுயாதீனப் பொறியியலாளர்கள் ஆயிரத்துக்கும் அதிகமான தொழிற்சாலைகளைச் சோதித்து, கட்டட அமைப்பு, மின், தீப் பாதுகாப்பு ஆகிய மூன்றிலும் 80,000 இற்கும் மேற்பட்ட குறைபாடுகளைப் பட்டியலிட்டனர். இதற்கு முன்னரும் அந்நாட்டில் பரிசோதகர்கள் இருந்தனர், சான்றிதழ்களும் இருந்தன. இம்முறை இரண்டு விடயங்கள் வேறுபட்டன. பரிசோதகருக்குச் சம்பளம் கொடுத்தவர் பரிசோதிக்கப்பட்ட முதலாளி அல்லர். ஒவ்வொரு தொழிற்சாலையின் அறிக்கையும் எவரும் வாசிக்கக்கூடியதாக வெளியிடப்பட்டது. ஆலையில் வேலை செய்யும் பெண்ணொருத்தி தன் தளத்தின் மின்பெட்டியில் என்ன கோளாறு உள்ளது, அதனைத் திருத்த வேண்டிய திகதி எது என்பதை அறிய முடிந்தது.

எமது நாட்டில் இதனைச் செயற்படுத்த முற்படின் எழக்கூடிய ஆட்சேபனை நியாயமற்றது எனத் தள்ளிவிட முடியாது. பொருளாதார நெருக்கடியிலிருந்து இன்னமும் முழுமையாக மீளாத சிறு வர்த்தகர் மீது மேலுமொரு கட்டணத்தைச் சுமத்துவதா, அதிகாரிகளுக்கு மேலுமொரு கையூட்டு வாசலைத் திறப்பதா என்று கேட்பர். எல்லாக் கடைகளுக்கும் ஒரே விதியை விதிப்பதே இத்தகைய அச்சத்துக்குக் காரணம். சிங்கப்பூரில் 45 கிலோவோல்ற் அம்பியருக்கு மேற்பட்ட மின்கொள்ளளவு பெறும் வர்த்தக இடங்களுக்கே மின் உரிமம் கட்டாயமாக்கப்பட்டு, அது காலத்துக்குக் காலம் புதுப்பிக்கப்படுகின்றது. பிரித்தானியாவில் வர்த்தகக் கட்டடங்களுக்கு ஐந்து வருட இடைவெளி பொதுவான பரிந்துரையாகும். தேநீர்க் கடைக்கும் பல்மாடித் துணிக் களஞ்சியத்துக்கும் ஒரே அளவுகோல் தேவையில்லை.

புதிய திணைக்களமொன்றும் தேவையில்லை. மாநகர சபைகளும் நகர சபைகளும் பிரதேச சபைகளும் வர்த்தக அனுமதிப்பத்திரங்களை ஆண்டுதோறும் புதுப்பிக்கின்றன. குறித்த அளவுக்கு மேற்பட்ட இடங்களுக்கு, ஐந்து வருடங்களுக்குட்பட்ட மின் பரிசோதனை அறிக்கையும் அதே ஆண்டின் தீப் பாதுகாப்பு அறிக்கையும் அப்புதுப்பித்தலோடு கோரப்படலாம். அறிக்கையில் ‘திருப்திகரம்’ என்ற சொல் போதாது. அளவீடுகள் இலக்கங்களாக இருத்தல் வேண்டும். பரிசோதகரைச் சபையே தன் பட்டியலிலிருந்து சுழற்சி முறையில் அனுப்புதல் வேண்டும். அறிக்கையின் சுருக்கம் கடை வாசலில், அனுமதிப்பத்திரத்தின் அருகே தொங்கவேண்டும். தேசிய தொழிற் தகைமை பெற்ற மின்னியலாளருக்கு அனுமதிப்பத்திரம் வழங்கும் ஏற்பாட்டுக்காகப் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு பல ஆண்டுகளாக முயன்று வந்துள்ளமையால், பட்டியலுக்கு ஆட்களைத் தேடி அலைய வேண்டிய தேவையும் குறைவு.

தீப் பாதுகாப்புப் பரிசோதனை என்பது சுவரில் சிவப்பு உருளை தொங்குகின்றதா என்று பார்த்துவிட்டுச் செல்வதல்ல. மின்தீக்குப் பயன்படும் காபனீரொட்சைட்டு உருளைக்கு அழுத்தமானி கிடையாது. அதனை நிறுத்துப் பார்த்தே உள்ளே வாயு இருக்கின்றதா என்பதை அறிய முடியும். எத்தனை கடைகளில் அது நிறுக்கப்படுகின்றது? அவசரகால விளக்கு எரிகின்றதா என்பது மட்டுமன்றி, மின்சாரம் இல்லாதபோது எவ்வளவு நேரம் எரியும் என்பதும் சோதிக்கப்படல் வேண்டும். பின்கதவு உள்ளிருந்து சாவியின்றித் திறக்கின்றதா, அதன் முன்னே பொதிகள் அடுக்கப்பட்டுள்ளனவா என்பவற்றை அறிவதற்குக் கருவி எதுவும் தேவையில்லை.

எங்கிருந்து தொடங்குவது என்ற கேள்விக்கும் விடை கடினமானதல்ல. மேல்மாடியில் ஆட்கள் உறங்கும் கடைகளிலிருந்தே தொடங்குதல் வேண்டும். கொழும்பின் வர்த்தகத் தெருக்களில் பகலில் துணி விரித்துக் காட்டும் இளைஞர்கள் பலர் மலையகத் தோட்டங்களிலிருந்து வந்தவர்கள். வாடகைக்கு அறை எடுக்க இயலாமையால், இரவில் அதே கடையின் மேல்தளத்தில், துணிப் பொதிகளுக்கிடையே அவர்கள் படுத்துக்கொள்கின்றனர். பாதுகாப்புக்கென்று இரும்புக் கதவு வெளியிலிருந்து பூட்டப்படும் இடங்களும் உண்டு. சாவி முதலாளியின் வீட்டில் இருக்கும். கீழ்த்தளத்துப் பிரதான மின்பெட்டியோ பெரும்பாலும் அவர்கள் இறங்கி வரவேண்டிய அதே மாடிப்படியின் கீழேதான் பொருத்தப்பட்டிருக்கும்.